படம் பார்க்கப் போட்ட கையெழுத்து

அனுப்புநர்
தே. மங்கையர்க்கரசி (வயது 51),
க/பெ. தேவேந்திரன்,
பட்டு நெசவாளர்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.

பெறுநர்
மாண்பமை துணைவேந்தர் அவர்கள்,
பாலாற்றங்கரைப் பல்கலைக்கழகம்,
காஞ்சிபுரம்.

பொருள்: ஜெர்மன் இசை நாடகப் படத் திரையிடல் – பார்வையாளர் பதிவேட்டில் நாங்கள் இட்ட கையொப்பங்கள் புகார் மனுவின் கையொப்பங்களாகக் காட்டப்பட்டமை – அதன் பேரில் கௌரவ விரிவுரையாளர் செல்வி ஜீ. ஸ்ரேயா பணியிலிருந்து விடுவிக்கப்பட்டமை – விசாரித்து நீதி வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகத்தில் பெறப்பட்டதாகக் கூறப்படும் 26.08.2025 நாளிட்ட பொதுமக்கள் புகார்.
2. தங்கள் அலுவலகத்தின் 01.09.2025 நாளிட்ட பணி விடுவிப்பு ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பட்டு நெசவு செய்பவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். ரேஷன் அட்டையில் பெயர் திருத்தக் கோரி ஒருமுறை எழுதியதைத் தவிர, எந்த அலுவலகத்துக்கும் நான் மனு எழுதியதில்லை. தங்கள் பல்கலைக்கழகத்தின் மீதோ அங்கு பணியாற்றும் எவர் மீதோ நான் புகார் கொடுத்ததும் இல்லை. ஆனால் பார்வை 1-இல் கண்ட புகாரில் உள்ள நாற்பத்து மூன்று பெயர்களில் ஏழாவது என்னுடையது. எட்டாவது என் கணவருடையது. அங்கிருக்கும் கையெழுத்தும் என்னுடையதே. இது எப்படி நடந்தது என்று தெரிந்த நாள் முதல் தறியில் உட்கார்ந்தால் வேலை ஓடவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடியே தங்கள் முன் வைக்கிறேன். பேசிய பேச்சுகளை, என் நினைவில் நின்ற அளவில், பேசியபடியே எழுதியிருக்கிறேன். மனுவுக்கு இது முறையில்லை என்றால் பொறுத்தருள வேண்டும்.

2. கடந்த ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் எங்கள் பகுதி நூலகச் சுவரில் தங்கள் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. ஜெர்மன் நாட்டின் பெரிய இசை நாடகம் ஒன்று படமாக எடுக்கப்பட்டிருக்கிறது, அதை நான்கு பாகங்களாக நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுகிறோம், அனுமதி இலவசம், பொதுமக்கள் அனைவரும் வரலாம் என்று அதில் கண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சங்கரிதான் என்னை அழைத்தார். “ஏசி ஹாலாம்கா. துட்டு கெடையாது. புடிக்கலன்னா எழுந்து வந்துக்கினே இருக்கலாம், யாரும் கேக்கமாட்டாங்க” என்றார். உண்மையைச் சொல்வதானால், நாங்கள் இசை ஆர்வத்தில் போகவில்லை. வெக்கைக்குப் பயந்து போனோம்.

3. முதல் பாகம் ஆகஸ்ட் 10 அன்று காட்டப்பட்டது. விளக்குகள் அணைந்து வெகுநேரம் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. மேளக்காரர் யாரும் வராமல் ஒத்து ஊதுகிறவர் மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல ஒரே ஒரு சுரம் அடியில் கேட்டுக்கொண்டிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், “படம் ஓடலபா!” என்று கத்தினார். அப்போது ஓர் இளம்பெண் இருட்டிலேயே முன்னால் வந்து, “ஓடிக்கினுதான்மா இருக்குது. ஆத்துக்கு அடியில இருந்து தண்ணி மேல வருது. கொஞ்சம் காதக் குடுங்க” என்றார். காதைக் கொடுத்தோம். அந்த ஒரு சுரத்தின் மேல் இன்னொன்று ஏறி, அதன் மேல் வேறொன்று ஏறி, கடைசியில் திரை முழுதும் ஆறாக ஆனபோது சங்கரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

4. அந்த இளம்பெண்தான் செல்வி ஸ்ரேயா. தங்கள் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழி கற்பித்தவர், திருப்பருத்திக்குன்றத்தைச் சேர்ந்தவர். படத்தின் அடியில் வரும் எழுத்துகள் ஆங்கிலத்தில் இருந்தபடியால், எங்களைப் போன்றவர்களுக்காக ஒவ்வொரு பாகத்தின் கதையையும் அவரே தமிழில் எழுதி நகலெடுத்துக் கொடுத்தார். முக்கியமான இடங்களில் படத்தை நிறுத்திவிட்டு, இவர் யார், ஏன் கோபப்படுகிறார் என்று விளக்கினார். நாங்கள் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவர் சிரித்ததில்லை.

5. மாணவர்கள் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனார்கள். வெளியிலிருந்து வந்த நாங்கள் மட்டும் வாயிற்காவலரிடம் இருந்த நோட்டில் கையெழுத்திட வேண்டும். அதில் வரிசை எண், வந்த நேரம், பெயர், ஊர், கதைச் சுருக்கம் எந்த மொழியில் வேண்டும், கையொப்பம் என்று கட்டங்கள் போடப்பட்டிருந்தன. இதை நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

6. ஆகஸ்ட் 17 அன்று இரண்டாம் பாகம். நான் வீட்டில் சொன்ன கதையைக் கேட்டு என் கணவரும் அன்று உடன் வந்தார். செல்வி ஸ்ரேயா முறைகெட்ட காட்சியைக் காட்டினார் என்று புகார் சொல்கிறது; அக்காட்சி இப்பாகத்தில் வருவது உண்மையே. சிறுவயதில் பிரிந்த இரட்டைப் பிள்ளைகளான அண்ணனும் தங்கையும் ஒருவர் மேல் ஒருவர் ஆசைப்படுகிறார்கள். இன்னார் என்று தெரிந்த பின்னும் பிரியவில்லை. எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சங்கரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, “அய்யய்யோ, இன்னாக்கா இது?” என்றார். செல்வி ஸ்ரேயா உடனே படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார். “இது சரின்னு இந்தக் கதையும் சொல்லலம்மா. இதனாலதான் பின்னாடி அவ்ளோ அழிவு வருது. பாக்க வாணாம்னு நெனைக்கிறவங்க வெளிய ஒக்காரலாம், தப்பே இல்ல” என்றார். பெரியவர்கள் இருவர் எழுந்து போனார்கள். போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து அமர்ந்தார்கள். வேறு யாரும் எழவில்லை. யாரும் அவரைக் கடிந்து பேசவும் இல்லை.

7. அந்தப் பாகத்தின் முடிவையும் நான் சொல்லியாக வேண்டும். தேவர்களின் தலைவன் தன் செல்ல மகளுக்கு ஓர் ஆணையிடுகிறான். தந்தையின் மனத்தில் இருப்பது வேறு என்று புரிந்துகொண்ட மகள் ஆணையை மீறுகிறாள். வாயைவிட்டுச் சொன்னதைத் திரும்பப் பெற முடியாத தந்தை அவளை விலக்கி வைக்கிறான். ஒரு மலையின் மேல் அவளைத் தூங்கவைத்து, சுற்றிலும் நெருப்பு மூட்டிவிட்டு இறங்கிப் போகிறான். போகிறவன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான்.

8. குடும்ப விஷயத்தை அலுவலக மனுவில் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் புகார் எங்கள் குடும்பங்களைப் பற்றியும் பேசுவதால் எழுதுகிறேன். எங்கள் ஒரே மகள் கலைவாணி, தன்னோடு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை பார்க்கும் டேனியல் என்பவரை நான்கு ஆண்டுகளுக்கு முன் தானாகவே மணம் செய்துகொண்டாள். அன்று முதல் வீட்டில் அவள் பெயரை யாரும் எடுக்கக்கூடாது என்று என் கணவர் சொல்லிவிட்டார். நான் சங்கரியின் போனிலிருந்து மகளிடம் பேசிவந்தேன். ஆகஸ்ட் 17 அன்று படம் முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது என் கணவர், “அவன் கடவுளுதானே? கடவுளாலயே சொன்ன சொல்ல மாத்திக்க முடியாதா?” என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, தமக்குத்தாமே கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. மறுநாள் காலை, பாவு நூலைச் சரிசெய்துகொண்டிருந்தவர் பாதியில் எழுந்து போனை எடுத்தார். “கலை… அப்பாம்மா. சாப்ட்டியா?” என்றார். வெகுநேரம் போனை வைக்கவே இல்லை.

9. ஆகஸ்ட் 24 அன்று மூன்றாம் பாகத்துக்கு எங்கள் மகளும் மருமகனும் வந்தார்கள். மருமகன் என் கணவரின் பக்கத்தில் அமர்ந்து, ஆங்கிலத்தில் வந்த ஒவ்வொரு வரியையும் அவர் காதருகே தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார். நாலு மணி நேரம். இடைவேளையில் என் கணவர் எழுந்து போய் அவருக்குச் சோடா வாங்கிவந்தார்.

10. நான்காம் பாகம் ஆகஸ்ட் 31 அன்று என அறிவிக்கப்பட்டிருந்தது. புளிச்சோறு கட்டிக்கொண்டு ஏழு பேர் போனோம். அரங்கம் பூட்டியிருந்தது. ‘நிர்வாகக் காரணங்களால் திரையிடல் ரத்து’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. மின்சாரக் கோளாறாக இருக்கும், அடுத்த வாரம் வைப்பார்கள் என்று எண்ணி, எதிரிலிருந்த மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அன்று எங்கள் பேரில் ஒரு புகார் தங்கள் அலுவலகத்தில் இருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

11. செப்டம்பர் 4 அன்று காலை, அறியாத ஓர் அம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தாள். வெயிலில் நடந்து வந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. “நீங்கதானே மங்கையர்க்கரசி?” என்றார். “ஆமாம்மா, உள்ள வாங்க” என்றேன்.

“உள்ள வர்றதுக்கு வர்லம்மா. நான் ஸ்ரேயாவோட அம்மா, சாந்திமதி. எம்பொண்ணு உங்களுக்கு இன்னாம்மா பாவம் பண்ணா? ராப்பகலா உங்களுக்காகத்தான் தமிழ்ல எழுதிக்கினு இருந்தா. நேர்ல பாத்தா சிரிக்கிறது, பின்னால போயி கையெழுத்துப் போட்டுட்டு வர்றதா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கொடுத்த தாள், பணி விடுவிப்பு ஆணையோடு அவர் மகளுக்குத் தரப்பட்ட பட்டியல். புகார்தாரர்கள் என்ற தலைப்பின் கீழ் நாற்பத்து மூன்று பெயர்கள் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. ஏழாவதில் என் பெயரைக் கண்டதும் அந்தத் தாளைக் கணவரின் போனில் படம் எடுத்துக்கொண்டேன். காமாட்சியம்மன் மேல் ஆணையாக நான் அப்படி எதுவும் செய்யவில்லை என்றேன். “முன்னாடி ஆறு வீட்லயும் இதையேதாம்மா சொன்னாங்க. நாப்பத்து மூணு பேருக்குமா தெரியாமப் போச்சு?” என்று சொல்லிவிட்டு எட்டாவது பெயர் யாருடையது என்று பார்த்தார். அதே வீடு என்று கண்டதும் ஒன்பதாவது வீட்டுக்கு வழி கேட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை.

12. செப்டம்பர் 8, திங்கட்கிழமை, நானும் என் கணவரும் தங்கள் நிர்வாக அலுவலகத்துக்கு வந்தோம். நாங்கள் புகார் எதுவும் கொடுக்கவில்லை என்று எழுதி எடுத்து வந்திருந்தோம். அங்கிருந்த அலுவலர் கோப்பைத் திறந்து புகாரைப் படித்துக் காட்டினார். பிறகு கையெழுத்துகள் இருந்த பக்கத்தைக் காட்டி, “இது உங்க கையெழுத்தா இல்லியாம்மா?” என்று கேட்டார். பார்த்தேன். என் கையெழுத்துதான். ‘மங்கை’ வரை நன்றாக எழுதிப் பின்பாதியை இழுத்துவிடுவது என் பழக்கம். அதேபோல் இருந்தது. “என்னுதுதான் சார்” என்றேன். “அப்புறம் இன்னாமா? கையெழுத்தப் போட்டுட்டு, அந்தப் பொண்ணுக்கு வேல போனதும் மனசு கேக்கலியா?” என்றார்.

ஐயா, அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சியைச் சொல்ல என்னால் ஆகவில்லை. எதையோ எங்கேயோ படிக்காமல் போட்டுக் கொடுத்துவிட்டேனோ, அந்தப் பெண்ணின் பிழைப்பை நானே கெடுத்துவிட்டேனோ என்று என்னையே சந்தேகப்பட்டேன். என் கணவர்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு விரல் வைத்துக் காட்டினார்: “சார், பேருக்குப் பக்கத்துல ‘தமிழ்’, ‘தமிழ்’, ‘ஆங்கிலம்’, ‘தமிழ்’னு இருக்குதே, இன்னா சார் அது? புகாரு குடுக்கறவன் எதுக்கு சார் தமிழ்னு எழுதறான்?”

அலுவலர் கோப்பை மூடிவிட்டார். நகல் கேட்டோம். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுமாறு சொன்னார். மறுநாளே போட்டுவிட்டோம். ஒப்புகை நகல் இணைத்துள்ளேன்.

13. அது புகாரில் இட்ட கையெழுத்து அல்ல, ஆகஸ்ட் 17 அன்று படம் பார்க்க உள்ளே நுழையும்போது வாயிற்காவலர் நோட்டில் நாங்கள் இட்ட கையெழுத்து என்பதற்குக் கீழ்க்கண்டவற்றைச் சமர்ப்பிக்கிறேன்.

அ) ஒவ்வொரு பெயரை அடுத்தும் கதைச் சுருக்கம் வேண்டிய மொழி எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டம் அந்த நோட்டில் மட்டுமே உண்டு.

ஆ) பக்கத்தின் மேல்பகுதி, கட்டங்களின் தலைப்போடு சேர்த்து, கோப்பில் நாங்கள் பார்த்த நகலில் இல்லை. இடது ஓரத்தில் வந்த நேரத்தின் கடைசி இலக்கங்கள் பாதி தெரிகின்றன. என் பெயருக்கு நேரே 42 என்று இருக்கிறது. நாங்கள் அன்று காலை 9.42-க்கு உள்ளே நுழைந்தோம்.

இ) ‘இன்று நாங்கள் அனைவரும் நேரில் கூடி ஒப்பமிட்டோம்’ என்று புகார் சொல்கிறது. அதன் தேதி ஆகஸ்ட் 26. பத்தொன்பதாம் எண்ணில் உள்ள வடிவாம்பாள் சங்கரியின் பெரியம்மா. இரண்டாம் பாகத்துக்கு மட்டும் வந்தவர். ஆகஸ்ட் 20 அன்று ரயிலேறிச் சூரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். பயணச்சீட்டின் நகல் இணைத்துள்ளேன்.

நோட்டைக் கேட்டு வாங்கிப் போனவர்கள் அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் பெயரை எழுதினால் அவர் வேலைக்கும் ஆபத்து வரும் என்று அஞ்சி எழுதவில்லை. யார் செய்தார், எதற்காகச் செய்தார் என்று நான் யார் மீதும் விரல் நீட்டவும் இல்லை. எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதக்கூடாது என்பதை இந்த ஒரு மாதத்தில் நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

14. புகாரில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அலுவலர் அதைப் படித்துக் காட்டினார். ‘மேற்படி படத்தைப் பார்த்ததால் எங்கள் குடும்பங்களில் பெற்றோர் பிள்ளைகள் உறவு சீர்குலைந்துள்ளது.’ அதன் கீழே என் கணவரின் கையெழுத்து இருக்கிறது. நான்கு ஆண்டுகள் மகளிடம் பேசாமல் இருந்து, அந்தப் படத்தைப் பார்த்த மறுநாள் பேசியவர் அவர். வீட்டுக்கு வந்ததும் அவர், “என் கையாலயே என்னப் பொய் சொல்ல வெச்சிட்டாங்களே” என்று ஒருமுறை சொன்னார். ஊரில் சிலர், ஒரு பெண்ணின் வேலையைப் பறித்த வீடு என்று எங்கள் காதுபடவே பேசுகிறார்கள்.

15. இதன்பின் நானும் சங்கரியும் பட்டியலில் உள்ளவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனோம். செவிலிமேடு வரை போனோம். போன வீடெல்லாம் ஒரே திகைப்பு. எங்களையும் சேர்த்து நாற்பது பேர், புகாருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று தம் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வடிவாம்பாள் சூரத்திலிருந்து கூரியரில் அனுப்பினார். இருவர் வீடு மாறிப் போய்விட்டதால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவர் மட்டும், தம் மகன் தங்கள் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த வேலையில் இருப்பதால் எழுதித் தர இயலாது என்று கண்ணீரோடு கதவைச் சாத்திக்கொண்டார். அவரை நான் குறை சொல்லவில்லை.

16. அந்தக் கடிதங்களின் நகல்களை எடுத்துக்கொண்டு செப்டம்பர் 13 அன்று திருப்பருத்திக்குன்றம் போனேன். செல்வி ஸ்ரேயா எங்களில் யாருடைய அழைப்பையும் எடுப்பதில்லை. அவருடைய தாயார் சாந்திமதி அம்மாள் வாசலில் நின்றபடியே எல்லாத் தாள்களையும் படித்தார். படித்து முடித்து, “உள்ள வாங்கம்மா” என்றார். தண்ணீர் கொடுத்தார். மகளின் அறைக்குள் போய்ப் பேசினார். எனக்குக் கேட்டது தாயாரின் குரல் மட்டுமே. வெளியே வந்து என்னிடம் சொன்னார்:

“நான் நம்பறேம்மா. அவதான் நம்பமாட்டேங்கறா. ‘கையெழுத்து அவங்களுதுதான்னு ஆபீஸ்லயே சொன்னாங்களே. இப்ப ஊரு பேசுதுன்னு பயந்துக்கினு மாத்தி எழுதறாங்க’ங்கறா. ஆபீஸ்ல இருந்து எழுத்துல வந்தாத்தான் அவளுக்கு மனசு ஆறும்.”

அறைக்கதவு கடைசிவரை திறக்கவில்லை. நான் அதன் முன்னால் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஆகவே தங்களை நான் வேண்டிக் கேட்டுக்கொள்வது:

முதலாவதாக, ஆகஸ்ட் 17 ஆம் நாளின் வாயிற்பதிவேட்டைத் தங்கள் நேரடிப் பொறுப்பில் எடுத்து, அது தொலைந்தது என்றோ கிழிந்தது என்றோ நாளை சொல்லப்படாதவாறு பாதுகாத்து, புகாரோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது எங்களில் எவரை அழைத்தாலும் வருவோம்.

செல்வி ஸ்ரேயாவைப் பணியிலிருந்து விடுவித்த ஆணைக்கு இந்தப் புகாரைத் தவிர வேறு காரணம் சொல்லப்படவில்லை. புகார் பொய் என்று தெரியவந்தால் ஆணையும் நிற்கக்கூடாது. அவரை மீண்டும் பணியில் அமர்த்த வேண்டும்.

நான்காம் பாகத்தையும் காட்ட வேண்டும். நெருப்பைத் தாண்டி வந்தவனால் எழுப்பப்பட்ட அந்த மகள் பிறகு என்ன ஆனாள் என்பது எங்களுக்கு இதுவரை தெரியாது. என் கணவர் மருமகனிடம் கேட்டார். இணையத்தில் பார்த்துச் சொல்வதாக அவர் சொன்னார். வேண்டாம், அந்தப் பெண் வந்து சொல்லட்டும் என்று என் கணவர் மறுத்துவிட்டார்.

விசாரணைக்கும் பணி ஆணைக்கும் காலம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். அவற்றுக்கு விதிகள் இருக்கும், குழுக்கள் கூட வேண்டியிருக்கும். ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்ய முடியும் என்று நம்புகிறேன். பதிவேட்டைப் பார்த்த பின், ‘உங்கள் மீது இவர்கள் யாரும் புகார் கொடுக்கவில்லை’ என்று பல்கலைக்கழக முத்திரையுடன் ஒரே ஒரு வரி எழுதி, செல்வி ஜீ. ஸ்ரேயா, திருப்பருத்திக்குன்றம் என்ற முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நாற்பது பேர் எழுதியும் அவர் நம்பாத அந்த ஒரு வரியை, தாங்கள் எழுதினால் நம்புவார்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

தே. மங்கையர்க்கரசி
(கையொப்பம்)

உடன் கையொப்பமிடுபவர்: கு. தேவேந்திரன்

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 15.09.2025

இணைப்புகள்:
நாற்பது பேரின் கைப்படக் கடிதங்கள் (மூலம்)
தகவல் உரிமை விண்ணப்பத்தின் ஒப்புகை நகல்
வடிவாம்பாளின் ரயில் பயணச்சீட்டு நகல்
செல்வி ஸ்ரேயா எழுதித் தந்த கதைச் சுருக்கம், மூன்று பாகங்கள் (பார்த்தபின் திருப்பித் தருமாறு வேண்டுகிறேன்)